பச்சை போன காசுகள்

ரோமாபுரிக் காசு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாங்கள் வாங்கியவை சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தன. வெண்கலம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மண்ணும் களிம்பும் ஏறி, வேனிலிருந்து கழற்றிப் போட்ட பழைய வாஷர்கள் மாதிரி கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தைக்குப் போவது என் மனைவிக்குப் பிடிக்கும். கூட்டத்தில் எனக்கு வாய் திறக்காது. அவள் பேசுவாள், பேரம் பேசுவாள், முன்பின் தெரியாதவர்களிடம் குடும்பக் கதை கேட்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். அன்று ஒரு வயதான பாய் தரையில் கித்தான் விரித்து, பூட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். அதில்தான் இந்தக் காசுகள் இருந்தன.

"என்னா பாய் இது?"

"ரோமாபுரிக் காசு மா. அந்தக் காலத்து ராஜாங்க போட்டது."

"ரோமாபுரிக் காசுக்குப் பினாங்குல என்னா வேலை?"

"என்னையக் கேட்டா? கப்பல் ஏறி வந்திருக்கும் லா. நீயும் நானும் மட்டும் எப்படி வந்தோமாம்?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டின்னோடு வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "இதெல்லாம் எதுக்கு மா?" என்று கேட்டேன். "சும்மா இருங்க. யாருன்னு பாக்கலாம்," என்றாள். யார் என்று பார்க்கலாம். அதுதான் அதற்குப் பிறகு எங்கள் மத்தியான வேலையாக ஆனது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஆயர் ஈத்தாமில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றும்வரை வேலை இல்லை. அவள் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தாள். அவள் தாதி அல்ல என்றாலும் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து, ஜன்னலோரமாக நகர்த்தி, காசுகளை எடுத்து வைப்போம்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து வந்தால் வியர்த்துவிடும். அவள் அப்படியில்லை. டாக்டர்கள் கிறுக்கிய மருந்துச் சீட்டுகளை வருடக்கணக்கில் படித்துப் பழகியவள். பாதி எழுத்து இருந்தால் மீதியை ஊகித்துவிடுவாள். அதனால் எங்களுக்குள் வேலை தானாகப் பிரிந்தது. படம் என்னுடையது, எழுத்து அவளுடையது.

முதலில் ஊறவைக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஆகாது என்று அவள் கைப்பேசியில் படித்துச் சொன்னாள். உப்பும் குளோரினும் இல்லாத தண்ணீர் வேண்டுமாம். என் வேன் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் அதுதான். ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதில் போட்டு, அழுக்கு இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றி, நாள்பட விட்டால் மண் இளகும். பிறகு பல்குச்சியால் மெதுவாக எடுக்க வேண்டும். மண்ணுக்குக் கீழே பச்சையாக ஒரு தோல் வரும். அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். ராஜாவின் மூக்கும் எழுத்தும் சிப்பாயின் காலும் எல்லாம் அந்தப் பச்சையில்தான் இருக்கின்றன. அடியில் உள்ள உலோகம் எப்போதோ அரித்துப் போயிருக்கும். அந்தப் பச்சையை எடுத்தால் காசே போய்விடும். இதை அவள்தான் எனக்குப் பலமுறை சொன்னாள். என் கை கொஞ்சம் முரட்டுக் கை.

பிறகு வெளிச்சம். காசை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு கோணத்தில் திடீரென்று ஒரு முகம் எழுந்து வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறைந்துவிடும். "நில்லுங்க நில்லுங்க, அசையாதீங்க," என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பூதக்கண்ணாடியோடு குனிவாள். அவள் தலைமுடி என் கைமேல் விழும்.

பின்பக்கப் படங்களை நான் சீக்கிரம் பழகிக்கொண்டேன். இரண்டு சிப்பாய்கள் நிற்பார்கள். நடுவில் கொடிக்கம்பம் இரண்டு இருந்தால் அது முந்திய காலம். ஒன்று இருந்தால் பிந்தியது, காசும் சிறுத்திருக்கும். ஒரு சிப்பாய் குதிரையிலிருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்துவான். ஒரு கோட்டை வாசல், மேலே நட்சத்திரம். ஓநாயிடம் பால் குடிக்கும் இரண்டு பிள்ளைகள். தேய்ந்து தேய்ந்து வெறும் மேடுபள்ளமாக இருந்தாலும், ஈட்டியின் சாய்வை வைத்துச் சொல்லிவிடுவேன். "குதிரைக்காரன்," என்பேன். அவள் சரிபார்த்துவிட்டு, "கெட்டிக்காரன் லா நீங்க," என்பாள். ஐம்பதை நெருங்கிய ஒருவனுக்கு அப்படிக் கேட்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதை வெளியே சொல்ல முடியாது.

படத்துக்குக் கீழே, தரைக்கோட்டுக்கு அடியில், எந்த ஊரில் அடித்தது என்று எழுத்து இருக்கும். எஸ், எம், ஏ, என் என்று வந்தால் அந்தியோக்கியா. அதே எஸ், எம், ஏ வந்து கடைசியில் எல் இருந்தால் அலெக்சாந்திரியா. ஒரு கோடு தேய்ந்தால் ஊரே மாறிவிடும். அந்த ஒரு கோட்டுக்காக அவள் கிளினிக்குக்குப் பிந்திப் போன நாட்கள் உண்டு.

முன்பக்கம்தான் கஷ்டம். அப்பா ஒரு ராஜா, அவருக்கு அடுத்து மூன்று மகன்கள். நாலு பேருக்கும் பெயரின் முதல் பாதி ஒன்றே. எழுத்து இடது பக்கம் கீழே தொடங்கி, தலைக்கு மேலே ஏறி, வலது பக்கம் இறங்கும். முதல் பாதி இடது பக்கம் நன்றாகத் தெரியும். ஆள் யார் என்று சொல்கிற மீதி வலது பக்கத்தில் இருக்கும். அங்கேதான் தேய்ந்திருக்கும், அல்லது களிம்பு மூடியிருக்கும்.

"நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கு பாருங்க," என்று சிரிப்பாள். "ஒரு சாமி பேர வச்சு வீட்டுல நாலு பேருக்கும் வைக்கிறது. பாசார்ல நின்னு கூப்பிட்டா எல்லாரும் திரும்புவாங்க."

தலையில் இருப்பதைப் பாருங்க, என்பாள். இலை வளையமாக இருந்தால் இன்னும் இளவரசன். முத்துப் பட்டை என்றால் ராஜாவாகிவிட்டான். அதில் கொஞ்சம் ஆள் குறையும். மீதிக்கு எழுத்துதான் வேண்டும்.

அவளுக்கு ஒரு காசின் மேல் தனிப் பிடிவாதம். முத்துப் பட்டை கட்டிய இளம் முகம், பின்னால் ஒற்றைக் கொடி. வலது பக்கம் முழுவதும் தடித்த பச்சைக் கட்டி. மூன்று மகன்களில் எவன் என்று தெரியவில்லை. பேட்டரித் தண்ணீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கடுகளவு கடுகளவாக எடுத்துக்கொண்டிருந்தாள். "அவசரம் இல்ல. வருவான்," என்பாள். கண்டுபிடித்த காசுகளை ஒரு டப்பாவிலும், இன்னும் தெரியாதவற்றை இன்னொரு டப்பாவிலும் போட்டுச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். அந்தக் காசு தெரியாதவற்றோடு இருந்தது.

ஒரு நாள் காலை கிளினிக் கவுண்டரிலேயே அவள் சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை தொங்கியது. கால் மெல்ல மெல்லத் தேறியது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதில் கொஞ்சம் புரிகிறது என்றார்கள். எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். "வீட்டுல பழகின சாமான காட்டிக் காட்டிப் பேசுங்க அங்கிள். என்னைக்காவது ஒரு வார்த்தை வரும். வந்தா அதைப் பிடிச்சிக்கணும்," என்றாள்.

பழகின சாமான் என்றதும் எனக்குக் காசுதான் நினைவுக்கு வந்தது. மத்தியானங்களில் மேசையை ஜன்னலோரம் நகர்த்தி அவளை உட்கார வைத்தேன். கண்டுபிடித்த காசில் நல்ல எழுத்துள்ளதாக ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, "இது என்னா எழுத்து மா?" என்று கேட்பேன். அவள் காசைப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். உதடு கூடும், மூச்சு வரும், எழுத்து வராது. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிடும். நான் உடனே, "பரவால்ல, எஸ் தான். பாம்பு மாதிரி இருக்கில்ல, எஸ்," என்று நானே சொல்லிவிடுவேன். முழுப் பேச்சும் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு எழுத்து. ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டால், அங்கே எதிரே உட்கார்ந்திருப்பது அவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். தினமும் அதற்காகக் கேட்டேன்.

வேன் ஓட்டும் மற்றவர்கள் பள்ளி வாசலில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்பெல்லாம், "ரோமாபுரி ராஜா வந்துட்டாரு, வழி விடுங்க லா," என்று கிண்டல் செய்வார்கள். பிறகு செய்யவில்லை. அந்தக் கிண்டல் நின்றது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவளுடைய அக்கா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. அவர் வந்த பிறகுதான் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு மறுபடி ஏறியது. வியாழக்கிழமை மத்தியானம் குத்துவிளக்கையும் பித்தளைத் தட்டையும் பழைய நாளிதழில் பரப்பி, புளியைக் கரைத்து, தங்கையின் முன்னால் வைப்பார்.

"இடது கையாவது வேலை செய்யட்டும் தம்பி. சும்மா உக்காந்தா இதுவும் போயிரும்."

அவள் தேய்த்தாள். ஆச்சரியமாக, கை அந்த வேலையை மறக்கவில்லை. புளியை எடுத்து, சாம்பல் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, தண்ணீரில் முக்கி, துணியால் துடைத்தாள். விளக்கு மினுங்கியதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா கீழே ரொட்டி வாங்கப் போயிருந்தவர், எனக்கு முன்னால்தான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாமி அலமாரியின் கீழ்த்தட்டு திறந்து கிடந்தது. மேசையில் விளக்குக்குப் பக்கத்தில், நாளிதழின் மேல், இன்னும் தெரியாதவர்கள் டப்பாவிலிருந்த காசுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. இளஞ்சிவப்பாக, புதுச் செம்பு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. புளித்தண்ணீர் பச்சையாக மாறியிருந்தது.

"ஐயோ தம்பி, நான் ரொட்டிக்குத்தான் போனேன்... அரை மணி நேரம்கூட..." அக்காவுக்குக் குரல் உடைந்தது. அந்தக் காசுகளில் எங்களுக்கு என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். துருப்பிடிச்ச பட்டனுக்கு இம்மாம் பெரிய ஆராய்ச்சியா என்று கேலி செய்தவர்தான். ஆனாலும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். இடது கையில் ஒரு காசை எடுத்து உயர்த்திக் காட்டினாள். முகம் முழுக்க வியர்வை. கண்ணில் அப்படி ஒரு பெருமை. வாய் கூடியது. எத்தனையோ மாதமாக மூச்சு மட்டும் வந்த வாயிலிருந்து, கோணலாக, ஆனால் தெளிவாக, ஒரு சொல் வந்தது.

"சுத்தம்."

அக்கா ரொட்டிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டார். "பேசிட்டா! தம்பி, பேசிட்டா! இன்னொரு தடவ சொல்லுடி, என் தங்கம்!" என்று அழுதார். அவள் இன்னொரு காசை எடுத்து, "சுத்தம்," என்றாள். நானும் சிரித்தேன். "ஆமா மா, நல்லா சுத்தம்," என்றேன். சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் அவள் தூங்கும்போது அந்தக் காசுகளை ஜன்னலோரம் எடுத்துப் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். எந்தக் கோணத்திலும் முகம் எழவில்லை. அரித்த உலோகத்தின் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் இருந்தன. சிலவற்றில் கழுத்தின் வளைவு நிழல் மாதிரித் தெரிந்தது. அவள் பிடிவாதமாக வைத்திருந்த அந்தக் காசைத் தேடினேன். வலது பக்கக் கட்டிதான் அதற்கு அடையாளம். கட்டி போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக் கனம் பார்த்தேன், விளிம்பைத் தடவினேன். எந்த மகன் என்பது இருக்கட்டும், எந்தக் காசு அது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்குப் போனபோது நடந்ததைச் சொன்னேன். வார்த்தை வந்ததைச் சொன்னேன். காசைப் பற்றிப் பாதிதான் சொன்னேன். அந்தப் பெண் கைதட்டினாள். "சூப்பர் அங்கிள்! எந்த வேலையில வந்துச்சோ அந்த வேலையையே செய்ய விடுங்க. அதே சாமான், அதே இடம். அடுத்த வார்த்தை அதிலேர்ந்துதான் வரும்."

அடுத்த வியாழக்கிழமை வருவதற்குள், நாங்கள் கண்டுபிடித்த காசுகளின் டப்பாவை அக்கா எடுத்து எங்கள் அறை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "இதையாச்சும் காப்பாத்துங்க தம்பி. அவளுக்கு என்னா தெரியப் போவுது? வேற எதையாச்சும் கொடுப்போம்." பழைய சில்லறையைப் புளியோடு வைத்துப் பார்த்தோம். அவள் தள்ளிவிட்டாள். பித்தளைப் பூட்டு ஒன்றைக் கொடுத்தோம். தேய்த்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. சுத்தமாகிவிட்ட காசுகளையே திரும்பக் கொடுத்தேன். அவற்றைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டாள். அவை ஏற்கெனவே மின்னுவதால் வேண்டாம் என்கிறாளா, அல்லது அவை முடிந்துபோனவை என்று அவளுக்குத் தெரிகிறதா, எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை. பழுப்பும் பச்சையுமான அந்தச் சின்ன வட்டங்களில் அவளுக்கு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அழுக்கு மட்டும்தானோ என்னவோ.

அவள் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, சாமி அலமாரிக்குப் போனாள். கீழ்த்தட்டைத் திறந்தாள். காலியாக இருந்தது. கையை உள்ளே விட்டு மூலைவரை துழாவினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்கத் தெரியாத பிள்ளை கேட்பது மாதிரி, "சு... சுத்தம்?" என்றாள்.

அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. என் மனைவி என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

நான் அறைக்குப் போனேன். அக்கா வாசலில் நின்று, "வேணாம் தம்பி," என்றார். பிறகு அவரே விலகிக்கொண்டார்.

டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தேன். அவள் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். கொடுப்பதற்கு முன், பழக்கத்தில், ஜன்னல் பக்கம் சாய்த்தேன். சிப்பாய்கள் எழுந்து வந்தார்கள். இரண்டு கொடி. தரைக்கோட்டுக்கு அடியில் எழுத்து இருந்தது. "இது என்னா எழுத்து மா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இனிமேல் கேட்கக் கூடாது என்று அப்போது தோன்றியது.

நானே வாசித்தேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தப்பு வந்துவிடாமல். எஸ். எம். ஏ. எல். அலெக்சாந்திரியா. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் காசின் மேலேயே இருந்தது. உள்ளங்கையில் வைத்தேன். புளியைத் தொட்டு, வட்டம் வட்டமாக, பொறுமையாகத் தேய்க்கத் தொடங்கினாள். விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் வழிந்தது. தூக்கிக் காட்டினாள்.

"சுத்தம்."

"ஆமா மா. நல்லா இருக்கு."

அடுத்ததை எடுத்தேன். குதிரைக்காரன். வலது பக்க எழுத்து முழுசாக இருந்தது. நடு மகன். அவன் பெயரைக் கடைசி எழுத்துவரை சத்தமாகப் படித்துவிட்டு, அதையும் அவள் கையில் கொடுத்தேன்.